அப்பாவுக்குச் சொல்லாமல் வைத்த சேதி

அப்பா கோபுரத்தின் உச்சியில், சவுக்குக் கம்புச் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். தலையில் பரிவட்டம். மார்பில் பூசிய விபூதி வியர்வையில் கரைந்து வயிறு வரை வழிந்திருந்தது. இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து பச்சைக் கொடி அசைவதற்காகக் காத்திருந்தார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்த கொல்லையில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். எல்லாக் கையிலும் செல்போன்.

கொடி அசைந்தது. அப்பா குடத்தைச் சரித்தார். கலசத்தின் மேல் தண்ணீர் விழுந்து வெயிலில் பளபளத்தது. ஜனம் ஒரே குரலில் கத்தியது.

நானும் மாமாவும் கூட்டத்தின் கடைசியில், பந்தல் சாமான் ஏற்றி வந்த லாரிக்குப் பக்கத்தில் நின்றோம். மாமா என் அம்மாவின் தம்பி. என் தம்பி சபேசன் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறான் என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சாரத்தின் மேல் நிற்கிறவருக்குத் தெரியாது.

தீர்த்தம் தெளிக்க ட்ரோன் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது எங்கள் பக்கம் வராமல் திரும்பிப் போனது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்து, “உங்க மேல படலையா சாமி? இந்தாங்க” என்று தன் ஈர முந்தானையை என் கையில் ஒற்றிவிட்டாள்.

“தேங்க்ஸ்மா” என்றேன். வேறென்ன சொல்ல?

மூத்தவன் தப்பித்தான்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் நான் நடத்தும் இ-சேவைக் கடை பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். மனு எழுதுவது, சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் போடுவது, பட்டா நகல் எடுப்பது. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், குருக்கள் வீட்டுப் பிள்ளை ஏன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான் என்று கேட்டிருந்தார். சபேசனைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

அப்பா ஊர் ஊராகப் போய்க் கும்பாபிஷேகம் நடத்திவைப்பவர். நாலைந்து நாள் யாகசாலை. பத்துப் பன்னிரண்டு குருக்கள்மார் அவர் சொல்கிறபடி உட்கார்ந்து ஓதுவார்கள். போளூரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அவர் பெயர் தெரியும்.

அந்த வேலைக்கு என்னைத்தான் முதலில் தயார் செய்தார். ஒன்பது வயதில் வேத பாடசாலையில் விட்டார். இரண்டு வருஷம் இருந்தேன். ஒருநாள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

என்னைவிட எட்டு வயது சின்னவன் சபேசன். எனக்குப் பதிலாக அவன் போனான். என்னைவிட்டால் அவன்தான், வேறு யாரும் இல்லை. நான் தப்பித்ததால் அவன் மாட்டினான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு ஒரு காரணம், அவனுடைய குரல். பதினேழு வயதில் பாடசாலை முடித்து வந்தவன் முதல் தடவையாக எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஓதினான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து எழும் கனமான குரல், ஆனால் எந்த இடத்திலும் உரசாது. அதற்குப் பிறகு எந்த யாகசாலையானாலும் அப்பாவுக்கு வலப் பக்கம் அவன்தான்.

இருபத்தைந்து வயதில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று இடத்தில் ஜாதகம் பொருந்தியது. மூன்று இடத்திலும் போட்டோ பார்த்த பிறகு பேச்சு நின்றது. மூன்றாவது இடத்தில் பெண்ணின் அப்பாவே ஒரு குருக்கள். “என் கஷ்டம் என் பொண்ணுக்கு வேண்டாம். குடுமி வெச்ச பையன் வேண்டாங்கறா” என்று போனில் சொல்லிவிட்டார்.

ஆடி மாதக் கடைசியில் சபேசன் வாயைத் திறந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை சொல்லியிருக்கிறார்கள், போகிறேன் என்றான். அந்த ஆவணிக் கும்பாபிஷேகத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று அப்பா பட்டியல் எழுதியபோது அவன் பெயரை எழுதவில்லை.

“மனசு இல்லாதவன் யாகசாலையில உக்காரப்படாது” என்றார். அவனிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா கிளம்பிப் போன மறுநாள் அம்மா என் கடைக்கே வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“நீ சொன்னா கேப்பான்டா. ஞாயித்துக்கிழமை எங்கேயாவது வெளியில கூட்டிண்டு போ. அப்பா திரும்பி வர்றதுக்குள்ள பேசி முடி.”

“எங்கேம்மா கூட்டிண்டு போறது?”

“எங்கேயோ. நாலு மரம் இருக்கற இடமா பாரு. வீட்டுக்குள்ளேயே புழுங்கறான்.”

போளூர் சலூன்

திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு மலையைச் சுற்றத் தெரியும், ஏறத் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிற கால்கள். அடி அண்ணாமலையில் எந்த இடத்தில் ரோடு மேடாகும், எந்த இடத்தில் கல் குத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஆனால் ஒரு மலைக்குள் போய் நடந்தது என்று எனக்கு நினைவே இல்லை. சபேசனுக்கும் இல்லை.

ஜவ்வாது மலையில் ஓர் அருவி இருக்கிறது என்று என் கடைக்கு மனு எழுத வந்த வெள்ளையன் சொல்லியிருந்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மலைமேல் சாமை விதைக்கிறவர். வந்தால் கூட்டிப்போகிறேன் என்றிருந்தார்.

விடியற்காலை பைக்கில் கிளம்பினோம். போளூரில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சலூன் அப்போதுதான் திறந்திருந்தது. சபேசன் டம்ளரை வைத்துவிட்டு நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

சலூன்காரர் அவனுடைய குடுமியைப் பார்த்துவிட்டு, “மொட்டையா சாமி?” என்றார்.

“இல்ல. எல்லாரையும் மாதிரி வெட்டுங்க.”

அவர் கத்தரியை எடுக்கவில்லை. “வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“என் தலைதானே?” என்று சிரித்தான் சபேசன்.

சலூன்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வாசலில் நின்றபடியே நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலைப் பற்றி நான் யோசிக்காத நாள் கிடையாது. அவன் இருந்திருந்தால் அது ஒன்றுமே இல்லை. அப்பா கத்தியிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், முடி வளர்ந்திருக்கும் அல்லது வளராமல் போயிருக்கும்.

வெளியே வந்ததும் பிடரியைத் தடவித் தடவிப் பார்த்தான். “காத்து ஜில்லுனு படறதுண்ணா” என்றான். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து மலை ஏறுகிற வரைக்கும் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

மூன்று ஓடை தாண்டி

வெள்ளையனுடைய ஊர் பதினைந்து கூரை வீடுகள். அங்கே பைக்கை விட்டுவிட்டு நடந்தோம். முதலில் சாமைக் கொல்லை. பிறகு புளியும் பலாவும். அதற்கப்புறம் பாதை ஒற்றையடியாகி, பாறை மேல் ஏறியது. மூன்று இடத்தில் ஓடையைத் தாண்டினோம். மூன்றாவது ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது.

வெள்ளையன் கொடுவாளால் உண்ணிச்செடியை வெட்டி வழி பண்ணிக்கொண்டே முன்னால் போனார். ஒரு மரத்தில் பட்டை உரிந்திருந்ததைக் காட்டி, “கரடி பிராண்டினது” என்றார், யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சபேசன் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவனுக்கு அது பிடித்திருந்தது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அண்ணா, நீ ஏன் அன்னிக்குப் பாடசாலையிலேர்ந்து ஓடி வந்தே?”

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

“பிடிக்கலைடா. அவ்வளவுதான்.”

“எனக்குப் பிடிச்சுது. அதான் கஷ்டம்.” ஒரு பாறையைத் தாண்டி ஏறினான். “ஓசூருக்குப் போனாலும் காலம்பற குளிச்சுட்டு ஓதிண்டுதான் இருப்பேன். அதை என்னால விட முடியாது. ஆனா அப்பா மாதிரி அதுலயே கிடந்து எல்லாத்தையும் விட முடியாது. இதை எப்படி அவர்ட்ட சொல்றது?”

நான் பேசி மனசை மாற்றத்தான் அவனைக் கூட்டி வந்திருந்தேன். அம்மா சொல்லிக் கொடுத்த வாதமெல்லாம் தயாராக இருந்தது. பெண் கிடைக்கும், கொஞ்சம் பொறு, அப்பாவுக்கு வயசாகிறது.

“நீ போ. அப்பாட்ட நான் பேசறேன்” என்றேன்.

நின்று திரும்பிப் பார்த்தான். “நிஜமாவா?”

“நிஜமா.”

அதற்குப் பிறகு அவன் நடை மாறிவிட்டது. வெள்ளையனையும் தாண்டி முன்னால் போனான்.

அருவி பெரிய உயரம் ஒன்றும் இல்லை. இரண்டு மாடி வீட்டு உயரம் இருக்கும். கறுப்புப் பாறையிலிருந்து ஒரே வீச்சில் விழுந்து, கீழே வட்டமான பள்ளத்தில் சுழன்று போனது. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

“போன வாரம் மழை ஜாஸ்தி” என்றார் வெள்ளையன். “குழி ஆழம் தெரியல. உள்ள போவாதீங்க. இந்த ஓரத்துல நின்னா போதும், தண்ணி மேல வந்து உழும்.”

எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. அவர் காட்டிய ஓரத்தில்தான் சபேசன் நின்றான். அதை நான் பார்த்தேன். போலீஸிடமும் அதைத்தான் சொன்னேன்.

சிக்னல் கிடைத்த பாறை

அரை மணி நேரம் நானும் அவனோடு நனைந்தேன். பிறகு குளிர் தாங்காமல் கரையேறி உடம்பைத் துவட்டினேன். சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். வெள்ளையன் இலை பறித்து வரக் கொஞ்சம் கீழே இறங்கிப் போனார்.

போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அருவிக்குப் பக்கவாட்டில் ஒரு சரிவுப் பாறை இருந்தது. அதன் மேல் ஏறியதும் ஒரு கோடு வந்தது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டேன்.

“பேசினியா?”

“பேசினேம்மா.”

“என்னங்கறான்?”

அப்போது கீழே சபேசன் ஓத ஆரம்பித்தான். தண்ணீர் இரைச்சலுக்கு மேல் அவன் குரல் எழுந்து பாறைக்குப் பாறை மோதி வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அவன் தெரியவில்லை. நடுவில் ஒரு புதர் மறைத்தது.

“சபாவா அது?” என்றாள் அம்மா. அவளுக்குப் போனிலேயே கேட்டிருக்கிறது. “எங்கேர்ந்து ஓதறான்? நன்னா இருக்கே.”

“அருவியில நிக்கறான்மா. அம்மா, கேளு. அவன் ஓசூருக்குப் போகட்டும்.”

“உன்னை எதுக்கு அனுப்பினேன்?”

“தெரியும். ஆனா அவன் சொல்றதுல நியாயம் இருக்கு.”

“அப்போ அப்பாவுக்கு யாருடா?”

அதற்கு நான் ஏதோ சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள். கோபமாகத்தான் பேசிக்கொண்டோம். நடுவில் அம்மா திடீரென்று, “நிறுத்திட்டானா?” என்றாள்.

ஆமாம், குரல் நின்றிருந்தது. ஒரு பகுதி முடிந்து அடுத்ததைத் தொடங்கும் முன் அவன் ஒரு பெரிய மூச்சு விடுவான். சின்ன வயதிலிருந்து கேட்ட பழக்கம். அந்த இடைவெளி என்றுதான் நினைத்தேன்.

“குளிக்கறான்மா” என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் பேசினோம்.

பாறையிலிருந்து இறங்கி வந்தபோது அவன் வேஷ்டியும் சட்டையும் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தன. ஓரத்தில் யாரும் இல்லை. தண்ணீர் அதே மாதிரி விழுந்து அதே மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. முதலில் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கூட விட்டேன். “டேய், வா, பசிக்கறது” என்று கூப்பிட்டேன்.

எப்படி விழுந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழுக்கினானா, ஒரு அடி முன்னால் வைத்தானா, மேலிருந்து கல் ஏதும் விழுந்ததா? கூப்பிட்டானா என்பதும் தெரியாது.

என் சத்தம் கேட்டு வெள்ளையன் ஓடிவந்தார். இலைகளைப் போட்டுவிட்டு அப்படியே குதித்தார். மூன்று தடவை மூழ்கி எழுந்தார். பிறகு என்னைக் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஊருக்கு ஓடினார். அவர் ஆள் கூட்டி வரும் வரை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஆறு பேர் வந்தார்கள். நீளமான மூங்கிலால் துழாவி, பாறை இடுக்கிலிருந்து அவனை எடுத்தார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை.

மறுபடியும் அதே சரிவுப் பாறையில் ஏறினேன். வேறு எங்கே ஏறுவது? சிக்னல் அங்கேதான் இருந்தது.

“மூச்சு இருக்கா?” என்று கேட்டாள் அம்மா.

“இல்லைம்மா.”

அழுகைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தெருவில் வாழைப்பழ வண்டிக்காரன் கூவிப்போவது மட்டும் போனில் கேட்டது.

“அப்பாட்ட சொல்லாதே” என்றாள்.

“அம்மா...”

“நாளைக்குக் கும்பாபிஷேகம் முடியட்டும். அது வரைக்கும் யாரும் அவர்கிட்டே போகப்படாது. மாமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“எப்படிம்மா சொல்லாம இருக்கறது?”

“நான் சொல்றதைக் கேளு” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போர்வையும் இரண்டு மூங்கிலும்

ஒரு போர்வையை இரண்டு மூங்கிலில் கட்டி அதில் வைத்துத் தூக்கினார்கள். மூன்று ஓடையையும் திரும்பத் தாண்ட வேண்டியிருந்தது. ஓடை வரும்போதெல்லாம் மூங்கிலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்கள். ஏறும்போது வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்திருந்தான்.

நான் அவன் செருப்பை எடுத்து வந்தேன். தூக்குகிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன். “நீங்க முன்னாடி போங்க சாமி. பாக்காதீங்க” என்றார் வெள்ளையன்.

ஊர் முனையில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி வந்து போர்வையை விலக்கிப் பார்த்து, தன் துண்டால் அவன் தலையைத் துவட்டினாள். இறந்தவன் தலையைத் துவட்டி என்ன ஆகப்போகிறது என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். போலீஸ் விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனை காலையில்தான் என்றார்கள். மாமா எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

“அக்கா சொல்றதுல ஒரு அர்த்தம் இருக்குடா” என்றார் என்னிடம். “அத்திம்பேருக்குத் தெரிஞ்சா தீட்டு வந்துடும். யாகம் பாதியில நின்னுடும். ஊரே ஒரு வருஷமா ஏற்பாடு பண்ணின காரியம்.”

எனக்கும் அது சரி என்றே பட்டது. அம்மா ஓர் ஊரின் காரியத்துக்காகத் தன் வாயைக் கட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொன்னாடை

சாரத்திலிருந்து இறங்கிய அப்பாவை ஜனம் சூழ்ந்துகொண்டது. காலில் விழுந்தார்கள். ஊர்ப் பெரியவர் மைக் பிடித்து, இப்படி ஒரு கும்பாபிஷேகத்தை இந்தச் சுற்று வட்டாரம் பார்த்ததில்லை என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுயர மாலை போட்டார்கள். அப்பா சிரித்தார். அப்பா பொதுவாகப் பல் தெரியச் சிரிப்பவர் இல்லை.

“இப்போ போவோமா?” என்றார் மாமா.

“மாலையைக் கழட்டட்டும்.”

எங்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சபேசனும் வந்திருக்கிறானா என்று பார்த்தார்.

கார் நின்ற இடத்துக்குக் கூட்டிப்போய் நான்தான் சொன்னேன். மாமாவால் முடியவில்லை.

அப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். “எப்போ?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்தா?” அவர் உதடுகள் அசைந்தன. நேற்று மத்தியானம், நேற்று சாயங்காலம், இன்று விடியற்காலை என்று ஒவ்வொரு கால பூஜையாக எண்ணிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“அம்மாதான் சொல்ல வேண்டாம்னா.”

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் பொன்னாடை அவர் மடியிலேயே இருந்தது. எடுத்துக் கீழே வைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, பின்தலைக்குக் கீழே கையை விட்டார்.

“குடுமி எங்கே?”

“போளூர்ல எடுத்துண்டான்ப்பா.”

“நீ கூட இருந்தியா?”

“இருந்தேன்.”

அப்பா தலையை ஆட்டினார். கையை எடுக்காமல், வெட்டிய முடியை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அதற்காக அன்றும் என்னைத் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை.

அம்மா சொன்ன காரணம்

காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் காலை. உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். கூடத்தில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். அப்பா தன் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

யாகம் தொடங்கும்போது நடத்திவைக்கிறவரின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டுவார்கள். காப்பு என்று பெயர். கட்டிக்கொண்டால் காரியம் முடிந்து கழற்றுகிற வரைக்கும் அவர் எழுந்து வேறெங்கும் போகக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு பாதியை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“காப்பு கட்டிண்டவனுக்குத் தீட்டு கிடையாது” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. “யார் செத்தாலும் கிடையாது. முப்பத்தஞ்சு வருஷமா என்னோட இருக்கே. உனக்கு அது தெரியாதா?”

“தெரியும்” என்றாள் அம்மா.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை? ஒருத்தன் வந்து காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். யாகம் நின்னிருக்காது. ஒண்ணும் நின்னிருக்காது.”

“அதனாலதான் சொல்லலை.”

“என்ன சொல்றே?”

“சொல்லியிருந்தா எழுந்து வந்திருப்பேளா?”

அப்பா வாயைத் திறந்தார். “காப்பைக் கட்டிண்டு நடுவுல...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. “வந்திருக்க மாட்டேள். பிள்ளை போயிட்டான்னு கேட்டுட்டு, கண்ணைத் துடைச்சுண்டு, அடுத்த ஆகுதியைப் போட்டிருப்பேள். ஊரெல்லாம் உங்களைக் கொண்டாடியிருக்கும். தெரிஞ்சு அப்படிப் பண்ணின மனுஷரோட நான் எப்படி இந்த வீட்டுல இருக்கறது? தெரியாம பண்ணினேள்னா இருந்துடலாம். அதான் சொல்லலை.”

தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“வந்திருப்பேனோ என்னவோ” என்றார் அப்பா. “எனக்குத் தெரியலை.”

“எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. எழுந்து உள்ளே போனாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போகவும் இல்லை, அப்பாவின் பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை. சபேசன் நின்ற ஓரத்தை விட்டுவிட்டு போனோடு பாறை ஏறியவன் நான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு இடமில்லை என்று பட்டது.

பிறகு ஒரு வருஷத்துக்கு அப்பா எந்த ஊருக்கும் போகவில்லை. கேட்டு வந்தவர்களை வேறு குருக்கள்மாரிடம் அனுப்பினார். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா வேளாவேளைக்குச் சாதம் போடுவாள். சண்டை கிடையாது. பேச்சும் கம்மி.

அதற்கடுத்த தை மாதம் செய்யாறு பக்கத்திலிருந்து வந்தார்கள். பெரிய கோயில், நாற்பது வருஷத்துக்கப்புறம் நடக்கிற கும்பாபிஷேகம். நீங்கள் வந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா சரி என்றார்.

கிளம்புகிற அன்று அம்மாதான் பை கட்டினாள். வேஷ்டிகள், சம்புடத்தில் விபூதி, மாத்திரை, கம்பளி. வாசலில் கார் வந்து நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு போய் டிக்கியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அப்பா இன்னும் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இங்கே ஏதாவது ஒண்ணுன்னா உடனே ஆள் அனுப்பு” என்றார் அம்மாவிடம். “எந்த நேரமானாலும் சரி. காப்பு கட்டியிருந்தாலும் சரி. நான் எழுந்து வரேன்.”

அம்மா அவர் தோளிலிருந்து நழுவிய அங்கவஸ்திரத்தைச் சரியாக இழுத்துவிட்டாள்.

“கார் நிக்கறது. கிளம்புங்கோ” என்றாள்.